காமிக்ஸ்ல இங்கிலீஷ் கத்துக்கிறீங்களா? அந்த நோட்டை மொதல்ல மூடுங்க

மன்னார்குடியில எங்க வீட்டு மாடியில ஞாயித்துக்கிழமை பசங்களுக்கு காமிக்ஸ் வெச்சு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிறேன், ஸ்கூல் பசங்க, காலேஜ் பசங்க, குறுவை நடவு முடிஞ்சு கை ஓய்ஞ்சதும் ஒரு விவசாயி அண்ணன்கூட வருவாரு. வருஷா வருஷம் ஆளு மாறுது, தப்பு மட்டும் மாறலை, எங்க செட்டு அந்தக் காலத்துல பண்ணின அதே தப்புங்க. தினமும் படிக்கணும், ஸ்பெல்லிங் பாக்கணும்ங்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுடறேன்.

பலூன்லேர்ந்து வார்த்தையைப் பிச்சு நோட்டுல எழுதுறது

பலூன்னா படத்துல ஆளுங்க பேசுறதை எழுதியிருக்கிற வட்டம். அதுலேர்ந்து வார்த்தையைப் பிச்சு எழுதுறதைப் பாத்தாலே எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வரும். லாங் சைஸ் நோட்டு, நடுவுல ஸ்கேல் வெச்சு சிவப்புக் கோடு, இந்தப் பக்கம் இங்கிலீஷ், அந்தப் பக்கம் தமிழ் அர்த்தம். கையெழுத்து முத்து முத்தா இருக்கும், வாயைத் திறந்தா ஒண்ணும் வராது. மேட்டூர்ல திறந்த தண்ணி கடைமடைக்கு வராத கதைதான்.

பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிற ஒரு பொண்ணு. கதையில ஒருத்தன் கொட்டுற மழையில சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றான், டயர் பஞ்சர், மூஞ்சி சுண்டிப்போய் 'ஓ, கிரேட்!'ங்கிறான். இது நோட்டுல 'கிரேட் - மகத்தான'ன்னு எழுதி வெச்சிருக்கு. ஏம்மா, பஞ்சர் ஆனதுல என்ன மகத்துவம்னு கேட்டேன், அப்பதான் படத்தையே திரும்பிப் பாக்குது! கடுப்புல சொல்றான்னு ஓவியர் மூஞ்சியிலயே வரைஞ்சு வெச்சிருக்காரு, டிக்‌ஷனரியில அந்த மூஞ்சி கிடையாது. யார் சொன்னா, யார்கிட்ட சொன்னா, எந்தக் கோவத்துல சொன்னா, இதுக்குத்தானேங்க காமிக்ஸ், அதை வெட்டி எறிஞ்சுட்டு வார்த்தையை மட்டும் எடுக்கிறதா இருந்தா டிக்‌ஷனரியையே படிச்சுட்டுப் போகலாமே. இதுல ஒவ்வொரு பலூனுக்கும் போனை எடுத்து எடுத்துத் தேடினா கதை எங்க ஓடும், பாதிப் பேர் மூணாவது பக்கத்துலயே புத்தகத்தை மூடி வெச்சுடறாங்க.

எழுதியே ஆகணும்னா பலூனை முழுசா எழுதுங்க, பக்க நம்பர் போடுங்க, யார் யார்கிட்ட சொன்னதுன்னு போடுங்க. ரெண்டு நாள் கழிச்சு அதே பக்கத்தைத் திறந்து கட்டைவிரலால பலூனை மூடிக்கிட்டு, இவன் இந்த இடத்துல என்ன சொல்லியிருப்பான்னு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, அப்புறம் விரலை எடுங்க. தெரியாத வார்த்தை ஒரு தடவை வந்தா விட்டுடுங்க, திரும்பத் திரும்ப வந்தா மட்டும் தேடுங்க.

படத்தை மட்டும் பாத்துட்டுப் போறது

அது படிப்பில்ல, வேடிக்கை.

எல்லாமே கேப்பிடல் லெட்டர்

கையால லெட்டரிங் பண்ணின காலத்துலேர்ந்து பெரும்பாலான காமிக்ஸ்ல பலூன் முழுக்க கேப்பிடல்தான். 'பில்'னு வந்தா ஆளு பேரா, கடை பில்லான்னு எழுத்தைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது, 'மார்க்'கும் அப்படித்தான். இதைப் பாத்துப் பழகி லீவ் லெட்டர் முழுசையும் கேப்பிடல்ல எழுதிக் குடுத்த பையன் இருக்கான்.

எடுத்தவுடனே ஆஸ்டெரிக்ஸ்

பிரெஞ்சுல 1959ல ஆரம்பிச்ச காமிக்ஸ் இது. ஆந்தியா பெல்லும் டெரிக் ஹாக்ரிட்ஜும் இங்கிலீஷுக்குக் கொண்டு வந்தப்ப பேருக்குப் பேர் சிலேடை வெச்சுட்டாங்க, மருந்து காய்ச்சுற கிழவர் கெட்டஃபிக்ஸ், நாய்க்குட்டி டாக்மேட்டிக்ஸ். அதுக்குச் சிரிக்கணும்னா இங்கிலீஷ் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். 1980லேர்ந்து வர்ற குழந்தைங்க காமிக்ஸ் பத்திரிகை டிங்கிளை மொதல்ல எடுங்க. அதுல வர்ற சுப்பாண்டி கதையில வாக்கியம் சின்னது, மொதலாளி சொன்னதை அவன் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு கூத்தடிக்கிறான், அதுலயே ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்குன்னு தானா பிடிபட்டுடும்.

டின்டின் காமிக்ஸ்ல வர்ற கேப்டன் ஹேடாக் திட்டுறதை மனப்பாடம் பண்றது

இன்டர்வியூல போய் 'பிளிஸ்டரிங் பார்னக்கிள்ஸ்'னு சொல்லப் போறீங்களா?

முழு செட்டு வாங்குறது

வேண்டாம். புத்தகத் திருவிழாவுல ஆசையா பாக்ஸ் செட் வாங்கிட்டு வந்து ஷோகேஸ்ல வெச்சிருக்கிற வீடு எனக்குத் தெரிஞ்சே நிறைய இருக்கு, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிச்சிருக்க மாட்டாங்க. ஒண்ணே ஒண்ணு வாங்குங்க, அதுவும் பழைய புத்தகக் கடையில. அதுக்கும் முன்னாடி உங்க ஊர் லைப்ரரியில குழந்தைங்க புத்தகம் எந்த ஷெல்ஃப்ல இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.