தறி ஓடாத அறை தேடி

எங்கள் பாட்டைப் பதிவு செய்ய ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ, மணிக்கு 300 ரூபாய் என்றதும் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டோம். சேலத்தில் குகை என்கிற பகுதிப் பக்கம் ஒரு மாடி. வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டால், பாட்டு ஓய்கிற இடத்திலெல்லாம் 'தடக் தடக்' என்று பக்கத்து வீட்டு விசைத்தறி. சேலத்துக்காரன் காதில் அந்தச் சத்தம் ஏறாது, மைக்கில் ஏறிவிடும். சுவரில் ஒட்டிய ஃபோம் எதிரொலியைத்தான் குறைக்கும், வெளிச்சத்தத்தை நிறுத்தாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அடுத்த ஸ்டூடியோவுக்குத் தறி ஓடுகிற நேரமாகப் பார்த்து, பகல் 11 மணிக்குப் போனேன். யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் வெறும் அறையைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டேன். ஏசியை நிறுத்தி இன்னொரு முறை.

"என்ன தம்பி, பாட்டே இல்லாம ரெக்கார்டிங்கா?" என்று இன்ஜினியர் அண்ணன் சிரித்தார்.

மிக்ஸிங்குக்குத் தனிக் காசா, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி 24 பிட் வேவ் ஃபைலாக (சுருக்காத ஒலிக்கோப்பாக) தருவாரா என்பதையும் முதலிலேயே பேசிக்கொண்டேன். அறை அமைதிதான், ஆனால் வாடகை இரண்டு மடங்கு. அதனால் பறையையும் குரலையும் மட்டும் அங்கே எடுத்தோம். கீபோர்டும் பேஸ் கிட்டாரும் வீட்டிலேயே, தாளம் தட்டுகிற மெட்ரோனோம் வைத்து, வாத்தியத்தைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டியில் நேராகச் சொருகி. மைக்கே கிடையாது, தறி ஓடினால் ஓடட்டும்.

4 மணி நேரத்தில் இரண்டு பாட்டு. நடுவில் பறையைக் காய்ச்சத் தெருவில் இறங்கிப் பேப்பர் கொளுத்தியது தனிக் கூத்து.