குறைந்த காசில் அகன்ற லென்ஸ்: இயற்கைக் காட்சி எடுக்கப் புதியவர்களுக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கைப் பட்டாணிப் பக்கம் புதிதாகக் கேமரா வாங்கிய தம்பிகள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, ஜெராய் மலை முழுசா வர்ற மாதிரி ஒரு வைட் லென்ஸ் சொல்லுங்க, விலை கம்மியா இருக்கணும்." விலை கம்மியாகக் கிடைக்கும், அதில் சிரமமில்லை. ஆனால் மலைக்காக அதை வாங்க வேண்டியதே இல்லை. நம் ஊரில் நின்று பார்த்தால் கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸிலேயே (எண் சிறிதானால் காட்சி அகலம்) மலை தாராளமாக அடங்கும், 10 மி.மீ.க்குப் போனால் அதே 1,217 மீட்டர் மலை படத்தில் கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கி, ரோட்டோரம் கொட்டிவைத்த மண்மேடு மாதிரி ஆகிவிடும்.

அகன்ற லென்ஸின் வேலை வேறு. காலடியில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டி, தூரத்தில் இருப்பதைப் பின்னால் தள்ளுவது. ரப்பர்ப் பால் பிடிக்கப் பால்மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்துக்கு ஒரு முழ தூரத்தில் குந்தி உட்கார்ந்து எடுத்தால், முன்னால் மங்கு பெரிதாக நிற்க, அதன் பின்னே மரங்கள் நிரை நிரையாக ஓடி மறையும். அந்த மாதிரிப் படம் வேண்டுமென்றால் தொடர்ந்து படியுங்கள்.

முதல் படி: உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள்

இதுவரை எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, எந்தக் குவியத் தூரத்தில் (அந்த மி.மீ. எண்) எடுத்தீர்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் அது இருக்கும். பெரும்பாலானவை 18இல் முட்டிக்கொண்டு நிற்கின்றனவா? அப்படியானால் லென்ஸ் உதவும். 35, 50 என்று இருந்தால் உங்கள் கண் அகலத்தைத் தேடவில்லை, அந்தக் காசில் நல்ல டிரைபாட் வாங்குங்கள். இன்னொரு வழியும் உண்டு, செலவே இல்லாதது: கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, ஒவ்வொரு படமும் முந்தையதோடு மூன்றில் ஒரு பங்கு சேர்கிற மாதிரி நாலைந்து படங்கள் எடுத்து, ஹகின் என்ற இலவச மென்பொருளில் ஒட்டிவிடலாம். மலை, வயல், வானம் மாதிரி அசையாத, தூரத்துக் காட்சிகளுக்கு இது அருமையாக வேலை செய்யும். ஓடுகிற மேகம், ஆடுகிற செம்பனை மட்டை, ரொம்பக் கிட்டே இருக்கிற பொருள் என்றால் ஒட்டு தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: உங்கள் கேமரா எந்த வகை

மி.மீ. எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஆரம்ப நிலைக் கேமராக்களில் பெரும்பாலும் ஏபிஎஸ்-சி என்ற சின்ன அளவு சென்சார்தான் (படம் பதியும் சில்லு) இருக்கும். கேனன் என்றால் 1.6ஆலும், நிக்கான், சோனி, ஃபியூஜி என்றால் 1.5ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். கேனனில் 10 மி.மீ. என்பது ஃபுல் ஃப்ரேமில் (பெரிய சென்சார் கேமராவில்) 16 மி.மீ.க்குச் சமம், அதுவே உண்மையான அகலம். ஃபுல் ஃப்ரேமுக்காகச் செய்த 17-40 லென்ஸை மலிவாக யாராவது விற்றால், உங்கள் கேமராவில் அது 18-55ஐவிட ஒரு மில்லிமீட்டர்தான் அகலம் என்பதை மறக்காதீர்கள். சரி, எண்ணில் 10, 11, 12 என்று தொடங்குவதைத் தேடுங்கள்.

மூன்றாம் படி: எஃப் எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள்

நான் அடித்துச் சொல்வது இதைத்தான். எஃப் எண் என்பது லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்பது, எண் சிறிதானால் வாய் பெரிது. லென்ஸின் விலையையும் எடையையும் ஏற்றுவது பெரும்பாலும் எஃப் 2.8 என்ற அந்த எண். இயற்கைக் காட்சி எடுக்கிறவர் டிரைபாடில் வைத்து எஃப் 8இலோ எஃப் 11இலோ எடுக்கப் போகிறார். அந்த இடத்தில் மலிவு லென்ஸும் விலை கூடிய லென்ஸும் மிகவும் நெருங்கிவிடும். அதோடு அகன்ற லென்ஸுக்கு ஆழம், அதாவது கிட்டேயிருந்து தூரம் வரை கூர்மையாகத் தெரியும் அளவு, இயல்பாகவே அதிகம். ஏபிஎஸ்-சி கேமராவில் 10 மி.மீ., எஃப் 8 வைத்து ஏறக்குறைய 65 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் செய்தால், 33 செ.மீ.யிலிருந்து அடிவானம் வரை எல்லாமே கூர்மையாக இருக்கும். மேலே சொன்ன முழ தூரத்து மங்கும் அதில் அடங்கும், நிரையின் கடைசி மரமும் அடங்கும். அதற்காக எஃப் 22 வரை போக வேண்டாம், ஒளி சிதறிப் படம் முழுக்க மங்கலாகும்.

பால்வீதி எடுக்கிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களுக்கு எஃப் 2.8 அல்லது எஃப் 2 உண்மையிலேயே வேண்டும்.

நான்காம் படி: எதைத் தேடுவது

கேனன் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவருக்கு யோசிக்கவே வேண்டாம்: இஎஃப்-எஸ் 10-18 எஃப் 4.5-5.6. 2014இல் வந்தபோதே அமெரிக்காவில் 300 டாலருக்குள் விற்றது, 240 கிராம்தான், 22 செ.மீ. வரை கிட்டே போகலாம். ஆர்50, ஆர்10 போன்ற மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கேமராவில் அடாப்டர் போட்டு இதையே பயன்படுத்தலாம். புதிதாக வேண்டுமென்றால் 2023இல் வந்த ஆர்எஃப்-எஸ் 10-18 இன்னும் சின்னது, 150 கிராம்.

நிக்கான்காரர்களுக்கு ஏஎஃப்-பி டிஎக்ஸ் 10-20. இதில் ஒரு வில்லங்கம்: டி3200, டி5100 போன்ற பழைய கேமராக்களில் இது ஃபோகஸே ஆகாது, கையால் திருகினாலும் ஆகாது. வாங்குவதற்கு முன் இந்த லென்ஸ் வேலை செய்யும் கேமராக்களின் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்தப் பழைய கேமராக்களுக்குச் சிக்மா 10-20 எஃப் 4-5.6 பொருந்தும். டோக்கினா 11-16 எஃப் 2.8 பழசாகச் சந்தையில் கிடைக்கும், கட்டுமானம் கனமானது, உறுதியானது. நிக்கானுக்கான முதல் பதிப்பில் மோட்டார் இல்லாததால் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அகன்ற லென்ஸில் அது ஒரு பெரிய குறையில்லை.

சோனி, ஃபியூஜி மிரர்லெஸ் என்றால் சாம்யாங் 12 மி.மீ. எஃப் 2, ஆட்டோஃபோகஸ் இல்லாத வகை. எல்லாமே கையால்தான், ஆனால் நட்சத்திரம் எடுக்கவும் ஆகும்.

முன் கண்ணாடி உப்பிக்கொண்டு வெளியே நிற்கிற லென்ஸைத் தவிர்ப்பது நல்லது. அதில் சாதாரண ஃபில்டரைத் திருகி மாட்ட முடியாது, ஃபில்டர் மாட்டும் தனிச் சட்டகம் வாங்கினால் லென்ஸில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இவ்வளவு அகலத்தில் நீல வானம் ஒரு பக்கம் கறுத்தும் மறு பக்கம் வெளுத்தும் வரும். மழைக்குப் பிறகு செம்பனை இலையின் பளபளப்பைக் குறைக்க மட்டும், வானம் அதிகம் வராத படத்தில் போடுங்கள்.

ஐந்தாம் படி: செகண்ட் ஹேண்ட் என்றால் நேரில், பகலில்

விற்பவர் அனுப்பும் படத்தை நம்பிக் காசு போடாதீர்கள். நேரில் போகும்போது உங்கள் கேமராவையும் ஒரு சின்ன டார்ச்சையும் கொண்டு போங்கள், கைப்பேசி விளக்கும் போதும். இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து ஒளியைச் சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை. வெள்ளையாக நூல் நூலாக ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது விரைவாகப் பரவும்.

அப்புறம் மூலைகள். கடை வரிசையின் சுவருக்கு நேர் எதிரே நின்று, சாயாமல் பிடித்து, எஃப் 8இல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். நான்கும் ஒரே அளவு கொஞ்சம் மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் குணம், மலிவுக்கு அதை ஏற்றுக்கொள்ளலாம். இடது பக்கம் கூர்மை, வலது பக்கம் குழைந்துபோயிருக்கிறது என்றால் எங்கேயோ விழுந்து உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. விற்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம், சண்டை வேண்டாம், வாங்காமல் திரும்புங்கள்.

வாங்கிய பிறகு

கேமராவை மேலே கீழே சாய்க்காமல் மட்டமாக வையுங்கள், இல்லையென்றால் செம்பனை மரங்கள் எல்லாம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்து நிற்கும். நம் பக்கமிருந்து மலையின் முகத்தில் வெளிச்சம் விழுவது காலையில்தான், சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால் வெறும் கறுப்பு உருவம்தான் கிடைக்கும்.

லென்ஸைப் பையிலேயே வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள். மின்சார டிரை பாக்ஸ் வாங்க முடிந்தால் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வையுங்கள். முடியாதென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி, மூன்றும் சேர்ந்து சில பத்து வெள்ளியில் (ரிங்கிட்) முடிந்துவிடும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடியும் போடலாம். அரிசி மட்டும் போடாதீர்கள், தூள் லென்ஸுக்குள் போய்விடும்.