சிடி வேடம் போட்ட வைஃபை அடாப்டர்

மேசைக் கணினியில் புதிய யூஎஸ்பி வைஃபை அடாப்டரைச் செருகினேன். வைஃபை வரவில்லை, திரையில் ஒரு சிடி டிரைவ் முளைத்தது! பழுதான சரக்கு என்று அரை மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தேன். விஷயம் வேறு. சில அடாப்டர்கள் விண்டோஸுக்கான டிரைவரை (சாதனத்தை இயக்கும் மென்பொருளை) தமக்குள்ளேயே சுமந்துகொண்டு, முதலில் சிடியாகத்தான் தலைகாட்டும். என் கணினியில் ஓடுவதோ லினக்ஸ். அந்தச் சிடியை ‘எஜெக்ட்’ செய்ததும் வேடம் கலைந்தது, நெட்வொர்க் பட்டியல் வந்தது. தேவையான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருந்தது என் அதிர்ஷ்டம்.

ஆனால் வேகம் நொண்டியடித்தது, அதுவும் பக்கத்து போர்ட்டில் இருந்த யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்கில் கோப்புகளை நகலெடுக்கும்போது மட்டும். யூஎஸ்பி 3.0 தரவு ஓட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். வைஃபையும் அங்கேதான் பேசிக்கொண்டிருந்தது. ஒரு நீட்டிப்புக் கேபிள் போட்டு அடாப்டரை மேசைமேல் ஏற்றினேன். பெரும்பகுதி சரியாயிற்று. ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாறியதும் மிச்சமும் தீர்ந்தது.

இன்னொரு தொல்லையும் இருந்தது: சும்மா இருக்கும்போது இணைப்பு அறுந்துபோனது. அதற்கு அடாப்டரின் மின்சேமிப்பு அமைப்பே காரணம். அதை அணைத்துவிட்டேன்.