கரட்டைத் தள்ளும் காந்தம்: குசினியில் ஒரு பரிசோதனை

இரும்பு காந்தத்தில் ஒட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுவோம். ஆனால் தண்ணீரைக் காந்தம் தள்ளும், அதற்குப் பெயர் டயாகாந்தம் என்று படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஹட்டனில் எங்கள் வீட்டுக் குசினியில் மூன்று இரவு மெனக்கெட்டபின்தான் கண்ணால் பார்த்தேன்.

முதலில் காந்தம். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கறுப்புக் காந்தம் இதற்குப் போதாது, நியோடைமியம் என்ற பலமான காந்தம்தான் வேண்டும். பழுதான ஹார்ட் டிஸ்க்கிலும் அது இருக்கும், ஆனால் அதன் ஒரே முகத்தில் இரண்டு துருவமும் இருப்பதால் குழப்பும். வட்டக் காந்தம் வாங்கிவிடுங்கள்.

1. விளக்குமாற்றிலிருந்து நேரான ஈர்க்கு ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு முறித்து, இரு முனையிலும் கரட் துண்டு குத்துங்கள். கரட்டில் பெரும்பங்கு தண்ணீர்தான். குண்டூசி வேண்டவே வேண்டாம்.

2. ஈர்க்கின் நடுவில் கட்டித் தொங்கவிடுங்கள். தையல் நூல் முறுக்கியது, தானாகவே சுழலும். அதைப் பிரித்து ஒற்றை இழையை எடுங்கள். எங்கள் ஊர்க் காற்றுக்கு ஜன்னலைச் சாத்தினாலும் போதவில்லை, பெரிய காட்போட் பெட்டிக்குள் வைத்தேன். ஆட்டம் நிற்கப் பத்து நிமிடமாவது ஆகும்.

3. காந்தத்தை மெதுவாகக் கரட்டின் பக்கவாட்டில், தொடாமல், கிட்டக் கொண்டுபோய்ப் பிடியுங்கள். கரட் சோம்பலாக விலகும். காந்தத்தைத் திருப்பி மற்றத் துருவத்தைக் காட்டினாலும் விலகும்.

எனக்கு முதல் இரவு என்ன நடந்தது தெரியுமா? கரட் காந்தத்தை நோக்கி வந்தது! இரண்டாம் இரவும் அதே கதை. சந்தையில் வாங்கியதைத் துடைத்துவிட்டு அப்படியே வெட்டியிருந்தேன். தோலில் ஒட்டியிருந்த மண்ணில் இரும்பு ஒட்சைட்டு. தண்ணீரின் காந்த ஏற்புத்திறன் (காந்தத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இசைகிறது என்ற அளவு, மைனஸ் என்றால் விலகும்) ஏறக்குறைய மைனஸ் 0.000009தான், இரும்புக்கு அது ஆயிரக்கணக்கில் போகும். ஒரு துளி மண் போதும், எல்லாம் தலைகீழ். தோலைச் சீவி, நன்றாகக் கழுவிய பிறகுதான் சரி வந்தது. (தேயிலைத் தொழிற்சாலையில் தூளின் மேல் காந்தம் வைத்து இரும்புத் துகளைப் பிடிப்பார்களே, அந்தக் கவனம் இங்கேயும் வேண்டும்.)

4. இப்போது ஒரு கரட்டுக்குப் பதில் அலுமினியத் தாள் உருண்டை. இது பராகாந்தம், மிக மெல்லிய இழுப்பு. காந்தத்தை வேகமாகக் கொண்டுபோனால் உருண்டை விலகி ஓடும். அதைப் பார்த்து டயாகாந்தம் என்று எழுதிவிடாதீர்கள். அது காந்தம் அசைவதால் உலோகத்தில் எழும் சுழிப்போட்டத்தின், அதாவது சுழலும் மின்னோட்டத்தின், வேலை. காந்தத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தால்தான் உண்மையான இழுப்பு தெரியும்.

பின்சேர்க்கை: பென்சில் கூரும் விலக வேண்டுமே, எனக்கு ஒட்ட வருகிறதே என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். சுத்தமான காரீயம் (கிராஃபைட், ஈயம் அல்ல) என்றால் கரட்டைவிட நன்றாகவே விலகும். பென்சில் கூரில் களிமண்ணும் சேர்ந்திருக்கிறது, அதில் இரும்பு இருந்தால் தொலைந்தது. வேறு கம்பெனிப் பென்சிலை எடுத்துப் பாருங்கள்.

இன்னொருவரின் கேள்வி, பழைய 2 ரூபாய்க் குற்றியில் நிக்கல் இருந்தும் ஏன் ஒட்டவில்லை என்று. நிக்கல் தனியாக இருந்தால் பெரோகாந்தம்தான், அதாவது இரும்பைப் போல ஒட்டும். செம்பு அதிகமாகக் கலந்தால் அந்தக் குணம் போய்விடும். 2005இல் வந்த புதிய குற்றி ஒட்டும், உள்ளே உருக்கு.