சிங்கம் சுற்றும் ஸ்லாட் கேமைக் காசு வைக்காமல் படிப்பது எப்படி

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் என் செல்போன் கடைக்கு முன்னால் கிடக்கும் பெஞ்ச் காலியாகவே இருக்காது. வலை வேலை முடிந்த பையன்கள் வந்து உட்கார்ந்தால் போனில் யானை பிளிறும், சிங்கம் உறுமும், காசு கொட்டுகிற சத்தம் கேட்கும். போன வருஷம் ஒருத்தன் நேராகவே கேட்டான்: "மாப்ள, இந்தச் சிங்கக் கேம் எப்ப அடிக்கும்னு பாத்துச் சொல்லு." சிங்கக் கேம் என்றால் ஸ்லாட்: பொத்தானைத் தொட்டால் மிருகப் படங்கள் சுற்றி நிற்கும், ஒரே படம் வரிசையாக வந்தால் காசு. எப்ப அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரே மத்தியானத்தில் படித்துக்கொள்ளலாம், காசு வைக்காமலே.

ஏன் காசு வைக்காமல் என்றால், தமிழ்நாட்டில் 2022-ஆம் வருஷச் சட்டத்திலேயே ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் கொண்டுவந்துவிட்டது, நடத்துகிறவனோடு விளம்பரம் செய்கிறவனுக்கும் அதில் தண்டனை உண்டு. ஆகவே ப்ளே ஸ்டோரில் சும்மா காயின் கொடுக்கிற கேம் போதும். அதிலும் காயின் தீர்ந்ததும் ஒரு மூட்டை வாங்கிக்கொள் என்று விலையோடு பொத்தான் வந்து நிற்கும். அதனால் இறக்குவதற்கு முன்பே ப்ளே ஸ்டோர் செட்டிங்கில் போய், எது வாங்கினாலும் பாஸ்வேர்ட் கேட்கிற மாதிரி வைத்துவிடுங்கள், முக்கியமாக உங்கள் போனைப் பிள்ளைகள் எடுக்கிற வீடாக இருந்தால்.

கேம் திறந்ததும் ஸ்பின்னைத் தொடாதீர்கள். ஓரத்தில் 'ஐ' எழுத்தோ மூன்று கோடோ இருக்கும், அதைத் தொட்டால் பேடேபிள் வரும். எந்த மிருகம் எத்தனை வந்தால் எவ்வளவு என்கிற கணக்கு முழுக்க அங்கேதான். உதாரணத்துக்கு, சஃபாரி ஸ்லாட்டில் உலகப் பிரபலமான மெகா மூலாவை எடுத்துக்கொள்வோம், மைக்ரோகேமிங் கம்பெனி 2006-இல் கொண்டுவந்தது. ஐந்து ரீல் (படங்கள் சுற்றும் நெடுக்குப் பட்டை), மூன்று வரிசை, 25 பேலைன் (ஒரே மிருகம் விழ வேண்டிய கோடு). சிங்கம்தான் வைல்ட்: சீட்டில் ஜோக்கர் மாதிரி மற்ற மிருகத்துக்குப் பதிலாக நிற்கும், கிடைப்பதையும் இரண்டு மடங்காக்கும். குரங்குதான் ஸ்கேட்டர்: கோட்டில் வர வேண்டியதில்லை, திரையில் எங்கேயாவது மூன்று விழுந்தால் 15 ஃப்ரீ ஸ்பின், அதில் ஜெயிப்பது மூன்று மடங்கு. இதற்கு மேல் நாலு ஜாக்பாட். 2015-இல் இங்கிலாந்துச் சிப்பாய் ஒருத்தர் 25 பென்ஸ் வைத்து 1.3 கோடி பவுண்டுக்கு மேல் அடித்தது இதில்தான். நம் பையன்களுக்கு அந்தச் செய்தி மட்டும் மனப்பாடம்.

சரி, இப்போது பேலைன். இதைப் புரிந்துகொண்டால் பாதி கேம் புரிந்துவிடும். 25 கோட்டுக்கும் கோட்டுக்கு ஒரு காயின் என்றால் ஒரு சுற்றுக்கு 25 காயின் போகிறது. ஏதோ ஒரு கோட்டில் மூன்று வரிக்குதிரை விழுந்து 10 காயின் வருகிறது. உடனே மேளம், வெளிச்சம், பெரிய எழுத்தில் 'வின்'. போனது 25, வந்தது 10. பதினைந்து நஷ்டத்துக்குத்தான் இவ்வளவு மேளம்! இதை அந்தப் பையனிடம் காட்டியதும் அவனே சொன்னான்: "டீசல் காசும் ஐஸ் காசும் கழிக்காம பாடு சொல்ற மாதிரில்ல இருக்கு." பாடு என்றால் அன்றைக்குப் பிடித்த மீனின் வரவு. அதேதான். நான் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன். அதனால் முதல் வேலையாகச் சத்தத்தை அணைத்துவிட்டு, மேலே ஓடும் மொத்தக் காயின் எண்ணை மட்டும் பாருங்கள்.

அடுத்தது குரங்கு. இரண்டு குரங்கு விழுந்து, மூன்றாவதுக்கு ரீல் மெதுவாகச் சுற்றி, மயிரிழையில் தப்பிப்போகும். "கிட்ட வந்துருச்சு மச்சான்" என்று பெஞ்சே எழுந்து நிற்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு ரீலிலும் 30 படம், அதில் ஒன்றுதான் குரங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரிவது மூன்று படம் என்பதால் ஒரு ரீலில் குரங்கு தெரிய பத்தில் ஒரு வாய்ப்பு. அப்படியானால் ஐந்து ரீலில் சரியாக இரண்டு குரங்கு வருவது ஏறக்குறைய 14 சுற்றுக்கு ஒரு தடவை. மூன்றோ அதற்கு மேலோ வருவது ஏறக்குறைய 117 சுற்றுக்கு ஒரு தடவை. அடிக்கடி நடக்கிற சாதாரண விஷயத்தைத்தான் கிட்ட வந்ததாக நினைத்துக்கொள்கிறோம். அந்த மெதுவான சுற்றும் வெறும் படம். நீங்கள் பொத்தானைத் தொட்டவுடனே உள்ளே ஒரு எண் விழுந்து முடிவாகிவிட்டது, மிச்சமெல்லாம் வேடிக்கை.

இங்கேதான் கடல்காரர்கள் ஏமாறுகிறோம் என்று எனக்குத் தோன்றும். கடலில் அனுபவத்துக்கு மதிப்பு இருக்கிறது: வாடைக்காற்றா கச்சானா, நீரோட்டம் எப்படி, அமாவாசைக்கு எத்தனை நாள் என்று பார்த்து வலை விட்டால் பலன் உண்டு, நாலு நாள் பாடு இல்லாவிட்டாலும் காற்று மாறினால் ஐந்தாம் நாள் நண்டோ கணவாயோ கிடைக்கும். அதே புத்தியில் ஸ்லாட்டைப் பார்த்தால் "ரொம்ப நேரமா அடிக்கல, இப்ப அடிக்கும்" என்றுதான் தோன்றும். அதற்கு ஞாபகம் கிடையாது. நூறு தடவை விழாவிட்டாலும் நூற்றியோராவது சுற்றுக்கு அதே வாய்ப்புதான். ராத்திரி 12 மணிக்கு ஆடினாலும், விரலை மாற்றினாலும் (சிரிக்காதீர்கள், ஒருத்தன் இடது கட்டை விரலில்தான் தொடுவான்) அந்த வாய்ப்பு மாறாது.

பேடேபிளின் கடைசிப் பக்கத்தில் பல கேம்களில் ஆர்டிபி என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். நீண்ட காலத்தில் ஆடுகிறவர்களுக்குத் திரும்பி வரும் பங்கு அது. மெகா மூலாவுக்குச் சொல்லப்படுவது 88.12, ஜாக்பாட்டில் சேரும் பங்கு அதற்கு வெளியே. சுற்றுக்குப் பத்து ரூபாய், நிமிஷத்துக்குப் பத்துச் சுற்று என்று ஒருத்தர் ஆடுவதாக வைத்தால் மணிக்கு 6,000 ரூபாய் சுற்றுகிறது, சராசரியாக 700 ரூபாய்க்கு மேல் போய்விடும். 95 சதவீதம் போட்ட கேம் என்றால் 300. ஒரு நாளில் இதைவிட நிறையப் போகலாம், கொஞ்சம் வரவும் செய்யலாம். அது ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. பெரிய ஜாக்பாட் கேமில் சின்னச் சின்ன வரவு குறைந்து, நீண்ட நேரம் வெறுமனே போகும்.

இதையெல்லாம் என் பேச்சை நம்பி ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: போட்டது, வந்தது, மேளம் அடித்ததா. 200 சுற்று எழுதுங்கள், ஆட்டோ ஸ்பின் வேண்டாம், கையால்தான். நான் எழுதியபோது மேளம் அடித்த சுற்றுகளில் பாதிக்கு மேல் போட்டதைவிடக் குறைவாகத்தான் வந்திருந்தது. ஒன்று மட்டும் கவனியுங்கள், சும்மா காயின் கேம் தாராளமாகக் கொடுக்கலாம்; அதில் ஜெயித்ததை வைத்துக் காசுக் கேமைக் கணக்குப் போடாதீர்கள்.

அப்புறம், வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வருகிற ஏபிகே ஃபைல், அதாவது ப்ளே ஸ்டோர் இல்லாமல் நேராக ஆப் ஏற்றுகிற ஃபைல். என் கடைக்கு வந்த ஒருவருக்குத் திரையில் 40,000 ரூபாய் ஜெயித்ததாகக் காட்டியது, எடுக்கப்போனால் முதலில் வரி கட்டு என்று 3,000 கேட்டது, கட்டியதும் இன்னொரு கட்டணம். அந்த 40,000 எங்கேயும் இல்லை, திரையில் இருந்த எண் மட்டும்தான். இப்படி மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். யூபிஐ பரிவர்த்தனை எண்ணையும் பணம் போன நேரத்தையும் கையில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள், முதலில் கேட்பதே அதைத்தான்.