மற்றொருவருக்காக நடந்து கொம்போஸ்தெலாச் சான்றிதழ் பெறுவது எப்படி? முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில், கலீசியாவின் தலைநகரான சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவில், இயேசுவின் சீடரான திருத்தூதர் சந்தியாகப்பரின் (யாக்கோபு) கல்லறை இருப்பதாக நம்பப்படும் பேராலயம் உள்ளது. அந்தப் பேராலயத்தை நோக்கிப் பல திசைகளிலிருந்தும் நடந்து செல்லும் திருப்பயணத்தைக் கமினோ என்கிறார்கள். 2024ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் நடையை முடித்துத் திருப்பயணிகள் அலுவலகத்தில் பதிவு செய்தார்கள். விதிப்படி நடந்து வந்தவர்களுக்குப் பேராலயம் இலத்தீன் மொழியில் வழங்கும் சான்றிதழே கொம்போஸ்தெலா. இறந்துபோன ஒருவருக்காகவோ, உடல்நிலை காரணமாக நடக்கவே இயலாத ஒருவருக்காகவோ நீங்கள் நடந்தால், அவருடைய பெயரையும் அந்தச் சான்றிதழில் எழுதி வாங்கிக்கொள்ள முடியும். கேட்டால் மட்டுமே கிடைக்கும் வசதி இது என்பதால், பலர் ஊர் திரும்பிய பிறகுதான் இதைப் பற்றிக் கேள்விப்பட்டு வருந்துகிறார்கள். அந்த வருத்தம் உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒருவருக்குப் பதிலாக மற்றொருவர் நடப்பது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. இடைக்கால ஐரோப்பாவில், தாம் வாழும் காலத்தில் சாந்தியாகோவுக்குப் போக முடியாமல் போனவர்கள், தம் ஆன்மாவின் நலனுக்காக வேறொருவரை அங்கே அனுப்பும்படி உயில் எழுதி, அதற்கான பணத்தையும் ஒதுக்கி வைத்தார்கள். நம் ஊரிலும் மகனுக்கு உடம்பு சரியானால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்று தாய் நேர்ந்துகொள்வதும், நடக்க முடியாத தகப்பனுக்காக மகன் பழனிக்குப் பாதயாத்திரை போவதும் உண்டு. ஆகவே இந்த எண்ணத்தைத் தமிழருக்கு விளக்க வேண்டிய தேவையில்லை. அதை ஒரு பேராலயத்தின் பதிவேட்டிலும் சான்றிதழிலும் முறையாக ஏற வைப்பதற்கான வழியைத்தான் அறிந்துகொள்ள வேண்டும்.

முதல் படி: யாருக்காக நடக்கிறீர்கள் என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு.

ஒரு நடைக்கு ஒரு கொம்போஸ்தெலாதான் தருவார்கள். உங்களுக்கென்று ஒன்று, அம்மாவுக்கென்று மற்றொன்று என இரண்டு கேட்க இயலாது. நடந்தவர் என்ற முறையில் உங்கள் பெயர் அதில் இருக்கும்; அதனுடன் ‘இன்னாருக்குப் பதிலாக’ என்று பொருள்படும் ‘விகாரியே ப்ரோ’ என்ற இலத்தீன் சொற்களையும், யாருக்குப் பதிலாக நடந்தீர்களோ அவருடைய பெயரையும் சேர்ப்பார்கள். இருவர் சேர்ந்து நடந்தால் ஒருவர் தம் தந்தைக்காகவும் மற்றவர் தம் பாட்டிக்காகவும் கேட்கலாம். ஒரே ஆள் தம் குடும்பத்தில் மறைந்த எல்லோருடைய பெயரையும் ஒரே தாளில் ஏற்ற நினைப்பது இந்த ஏற்பாட்டின் நோக்கத்துக்கே பொருந்தாது. எனவே ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். மற்றவர்களுக்காக வழியெங்கும் உள்ள சிற்றாலயங்களில் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்ளலாம்.

யாருக்காகக் கேட்கலாம் என்பதற்கு வரையறை இருக்கிறது. அவர் இறந்தவராக இருக்க வேண்டும். அல்லது நோயாலோ உடற்குறையாலோ பயணம் மேற்கொள்ள முடியாதவராக இருக்க வேண்டும். நல்ல உடல்நலத்துடன் இருந்தும் விடுப்புக் கிடைக்காத நண்பருக்காகவோ, பிறந்தநாள் பரிசாக ஒருவருக்குத் தருவதற்காகவோ இதைக் கேட்கக் கூடாது.

நோயுற்றவர் உயிரோடு இருந்தால், முதலில் அவரிடம் சொல்லி அவருடைய விருப்பத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. தம் பெயரில் ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தால், படுக்கையில் இருப்பவரும் அந்தப் பயணத்தில் பங்குகொள்கிறார். மாலையில் தொலைபேசியில் அழைத்து அன்று கடந்த ஊரின் பெயரைச் சொன்னால், அடுத்த நாளுக்காக அவரும் காத்திருப்பார்.

இரண்டாம் படி: விதிகளுக்கு உட்பட்ட பாதையைத் தேர்ந்தெடுங்கள்

கொம்போஸ்தெலா பெறுவதற்கு நடந்தோ குதிரையிலோ வருபவர்கள் குறைந்தது 100 கிலோமீட்டரும், சைக்கிளில் வருபவர்கள் குறைந்தது 200 கிலோமீட்டரும் கடந்திருக்க வேண்டும். இடையில் பேருந்தோ டாக்சியோ ஏறிக் கடந்த தொலைவு கணக்கில் சேராது. பையை மட்டும் வண்டியில் அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டு நடப்பதில் தவறில்லை. முதுகுவலி உள்ளவர்கள் இதற்காகக் கூச்சப்பட வேண்டாம்.

முதன்முறை நடப்பவர்களில் மிகுதியானோர், பிரான்ஸ் எல்லைப் பக்கமிருந்து வரும் பிரெஞ்சுப் பாதையில், கலீசியாவுக்குள் உள்ள சாரியா என்ற ஊரிலிருந்து தொடங்குகிறார்கள். அங்கிருந்து சாந்தியாகோ ஏறத்தாழ 115 கிலோமீட்டர். போர்த்தோமரின், பாலாஸ் தெ ரெய், அர்சுவா, ஓ பெத்ரௌசோ ஆகிய ஊர்களில் இரவு தங்கினால் ஐந்து நாள்களில் முடிக்கலாம். பாலாஸ் தெ ரெய்யிலிருந்து அர்சுவா வரையிலான நாள்தான் மிக நீண்டது. ஏறத்தாழ 29 கிலோமீட்டர். அதை மெலிதெ என்ற ஊரில் இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஆறு நாள்களாக நடப்பது நடைப்பழக்கம் குறைந்தவர்களுக்கு ஏற்றது. போர்ச்சுகல் எல்லையோரம் உள்ள துயி நகரிலிருந்து தொடங்கும் பாதையும் 100 கிலோமீட்டரைத் தாண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலாவுக்கான ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கலீசியாவில் எந்த மாதத்திலும் மழை வரும் என்பதால் மழைக்கோட்டு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

மூன்றாம் படி: திருப்பயணிக் கையேட்டை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்

வழியிலுள்ள ஊர்களில் முத்திரை குத்தி வாங்குவதற்கான, கிரெதென்சியால் எனப்படும் மடிப்புக் கையேடுதான் நீங்கள் நடந்ததற்கு ஒரே சான்று. சாரியாவில் உள்ள ஆலயங்களிலும், அல்பெர்கே எனப்படும் திருப்பயணிகள் விடுதிகளிலும் சில யூரோவுக்கு இது கிடைக்கும். இதில் உங்கள் சொந்தப் பெயரையும் கடவுச்சீட்டு எண்ணையும்தான் எழுத வேண்டும். அன்பு மிகுதியால் மறைந்தவரின் பெயரை அங்கே எழுதிவிடாதீர்கள். நடப்பவர் நீங்கள், முத்திரைகள் உங்கள் கால்களுக்கானவை. அவருடைய பெயரைத் தனியாக ஒரு சிறு அட்டையில் எழுதிக் கையேட்டுக்குள் செருகி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் பெயர்களை எழுதும் முறை ஐரோப்பியருக்குப் புரிவதில்லை. இனிஷியல் எது, தந்தை பெயர் எது, அழைக்கும் பெயர் எது என்று வரிசையில் நின்றுகொண்டு விளக்குவது கடினம். அந்தோணி, சூசை, மரியாள் போன்ற பெயர்களுக்கு இலத்தீன் வடிவம் இருப்பதால் அவை மாறி எழுதப்படக்கூடும். முருகேசன், செல்வி போன்ற பெயர்கள் உள்ளபடியே எழுதப்படும். எனவே எந்தப் பெயர் சான்றிதழில் வர வேண்டுமோ அதை மட்டும், உரோமன் பெரிய எழுத்துகளில், இனிஷியலை விரித்து, தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவர் வீட்டில் எந்தப் பெயரால் அறியப்பட்டாரோ அந்தப் பெயரா, ஆவணங்களில் உள்ள பெயரா என்பதைப் பற்றி உடன்பிறந்தவர்களிடம் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். நம் வீடுகளில் இந்த ஒரு கேள்விக்கு உடனே ஒத்த பதில் கிடைப்பது அரிது.

நான்காம் படி: நாளொன்றுக்கு இரண்டு முத்திரைகள்

நூறு கிலோமீட்டர் மட்டும் நடப்பவர்கள் ஒவ்வொரு நாளும் குறைந்தது இரண்டு முத்திரைகள் பெற வேண்டும். சைக்கிளில் வருபவர்களுக்கும் இதே எண்ணிக்கைதான். ஆலயம், விடுதி, சிற்றுண்டிக் கடை, நகராட்சி அலுவலகம் என எங்கும் முத்திரை வைத்திருக்கிறார்கள். பல கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே மைப்பெட்டியும் ரப்பர் முத்திரையும் கிடக்கும். கேட்டுவிட்டு நாமே குத்திக்கொள்ளலாம். குத்தியதும் பக்கத்தில் தேதியை எழுத மறவாதீர்கள். தேதி இல்லாத முத்திரை எந்த நாளுக்குரியது என்று சரிபார்ப்பவரால் சொல்ல முடியாது. மை ஈரமாக இருக்கும்போதே கையேட்டை மடித்தால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு காப்பி குடித்து முடிக்கும் வரை திறந்தே வைத்திருங்கள்.

கடைகளை விட ஆலயங்களில் முத்திரை பெறுவதையே நான் விரும்புகிறேன். போர்த்தோமரினில் உள்ள புனித யோவான் ஆலயத்துக்குள் கட்டாயம் சென்று பாருங்கள். பெலெசார் அணைக்காக 1960களில் பழைய ஊர் நீரில் மூழ்கியபோது, அந்த ஆலயத்தைக் கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் மீண்டும் கட்டினார்கள். இழப்போடு நடந்து வருபவர்களுக்கு அந்த இடத்தில் சிறிது நேரம் அமர்ந்து வேண்டுவது ஆறுதல் தரும்.

ஐந்தாம் படி: அலுவலகத்தில் பதிவும் வேண்டுகோளும்

சாந்தியாகோ வந்து சேர்ந்ததும், பேராலயத்துக்கு அருகில் ருவா தாஸ் கர்ரெத்தாஸ் தெருவில் 33ஆம் எண்ணுள்ள கட்டடத்துக்குச் செல்லுங்கள். அதுவே திருப்பயணிகள் வரவேற்பு அலுவலகம். முந்தைய நாளே அலுவலகத்தின் இணையதளத்தில் பெயர், தொடங்கிய ஊர், நடந்து வந்த முறை, பயணத்தின் நோக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைத்தால், அங்கே காத்திருக்கும் நேரம் குறையும். வரிசை எண் பெற்று, திரையில் உங்கள் எண் தோன்றியதும் அதில் காட்டும் கவுண்ட்டருக்குப் போக வேண்டும். கோடைக்காலப் பிற்பகல்களில் கூட்டம் அதிகம். காலையில் செல்வது நல்லது.

நோக்கம் என்ற இடத்தில் சமயம் அல்லது ஆன்மிகம் என்று குறிப்பிடுங்கள். கொம்போஸ்தெலா அந்த நோக்கத்தோடு வந்தவர்களுக்கே உரியது. விளையாட்டுக்காகவோ ஊர் சுற்றிப் பார்க்கவோ மட்டும் நடந்தவர்களுக்கு வேறொரு வரவேற்புச் சான்றிதழ் தருவார்கள். கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இந்துவோ இசுலாமியரோ உண்மையான ஆன்மிகத் தேடலுடன் நடந்திருந்தால் தயங்காமல் அப்படியே சொல்லலாம்.

கவுண்ட்டரில் கையேட்டை நீட்டும்போதே, அவர்கள் சான்றிதழைத் தயாரிக்கத் தொடங்குவதற்கு முன்பாக, “விகாரியே ப்ரோ” என்று சொல்லி, உங்கள் அட்டையைக் கையேட்டின் மேல் வையுங்கள். இந்த இரண்டு சொற்களே போதும். அங்கே பணிபுரிபவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இது பழக்கமான வேண்டுகோள்தான். அவர் உங்களுக்கு என்ன உறவு, இறந்துவிட்டாரா, நோயுற்றிருக்கிறாரா என்பதை ஒரே வாக்கியத்தில் எளிய ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தால் வெட்கப்பட வேண்டாம். அந்த மேசைகளுக்கு முன்னால் கண்ணீர் சிந்துபவர்கள் ஏராளம்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் நகராமல் அங்கேயே நின்று இரண்டு பெயர்களையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிழை இருந்தால் அப்போதே திருத்தித் தருமாறு கேட்பது எளிது. ஊர் வந்த பின் கேட்பது எளிதன்று. கொம்போஸ்தெலாவுக்குக் கட்டணமில்லை, விரும்பினால் காணிக்கை செலுத்தலாம். நீங்கள் நடந்த தொலைவைக் குறிக்கும் சான்றிதழை 3 யூரோ செலுத்தித் தனியாக வாங்கலாம். உங்களுக்கென்று ஒரு நினைவு வேண்டும் என்று தோன்றினால் அதுவே சரியான வழி. தாள் மடங்காமல் இருக்க அட்டைக்குழல் ஒன்றையும் அங்கேயே வாங்கி, விமானத்தில் கைப்பையோடு கொண்டுவாருங்கள்.

ஆறாம் படி: பேராலயமும், வீட்டில் ஒப்படைப்பதும்

சான்றிதழின் வாசகமே பேராலயத்தைப் பக்தியுடன் தரிசித்ததைத்தான் உறுதிப்படுத்துகிறது. ஆகவே அலுவலகத்தோடு நிறுத்திக்கொள்வது முறையாகாது. பெரிய பைகளுடன் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பையை விடுதியில் வைத்துவிட்டு, பலிபீடத்துக்குக் கீழேயுள்ள கல்லறைக்குச் சென்று, யாருக்காக நடந்தீர்களோ அவர் பெயரைச் சொல்லி வேண்டுங்கள். நண்பகல் 12 மணிக்குத் திருப்பயணிகளுக்கான திருப்பலி உண்டு. இடம் கிடைக்க முன்னதாகவே போக வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இலத்தீனில் உள்ள தாளை அப்படியே கொடுத்தால் பெற்றுக்கொள்பவருக்கு ஒன்றும் புரியாது. சான்றிதழ் சொல்வதன் கருத்தை நல்ல தமிழில் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். உலகெங்கிலுமிருந்து பக்தியாலோ பொருத்தனையாலோ திருத்தூதர் சந்தியாகப்பரின் வாசலை நாடி வருவோருக்கு அத்தாட்சி வழங்கும் பேராலயக் குருக்கள் மன்றம், இன்னார், இன்னாருக்குப் பதிலாக, இந்தத் திருத்தலத்தைப் பக்தியோடு தரிசித்தார் என்று இதைக் காண்போர் அனைவருக்கும் அறிவிக்கிறது என்பதே அதன் சாரம். முத்திரைகள் நிறைந்த கையேட்டையும் சேர்த்தே கொடுங்கள். நோயுற்றிருப்பவர் இலத்தீன் தாளை ஒருமுறைதான் பார்ப்பார். கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு, இந்த முத்திரை எந்த ஊர், அன்று மழையா வெயிலா, என்ன சாப்பிட்டாய் என்று பல நாள்கள் கேட்டுக்கொண்டிருப்பார்.