அமெரிக்கப் பண்பாட்டு வகுப்புக்கு ஊர்க்காரரை அழையுங்கள்

அமெரிக்கக் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்நாட்டுப் பண்பாடு சொல்லித்தருகிறீர்களா? உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன் போடுங்கள். அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கு மேல் தன்னார்வலர்கள்தான். பகலில் கடை நடத்துகிறவர், ராத்திரி பேஜர் அலறினால் எழுந்து ஓடுகிறார். அவர் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்து, கரி படிந்த விளிம்பைத் தொட்டுக் காட்டினால் போதும், மாணவர்கள் தாமாகவே பேசத் தொடங்குவார்கள். 'சொற்பொழிவு' என்று சொல்லி அழைக்காதீர்கள், தயங்குவார். 20 நிமிடம் பேச்சு, மீதி நேரம் கேள்வி என்று முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், முந்தின நாளே மாணவர்களிடம் ஆளுக்கு இரண்டு கேள்வி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது பெரிய துணை. அடுத்த முறைக்கு, நீதிமன்றத்தில் ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்களில் ஒருவராக, உட்கார்ந்துவந்த பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.